வழக்கில் ஏழாவது பெயர்

நர்மதாவின் இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருக்கிறது. துடுப்பால் அடித்தது. வலது தோள் கொஞ்சம் இறங்கினாற்போல இருக்கும். அது படிக்கட்டில் தள்ளிவிட்டது. இரண்டும் அவளுடைய அண்ணன் எத்திராஜின் கைவேலை. அவளும் நானும் திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறோம். அவள் இங்கிலீஷ், நான் கணக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தழும்பைப் பற்றிக் கேட்டேன். "கீழ விழுந்துட்டேன், கிறிஸ்டினா மிஸ்" என்றாள். மாதம் ஒரு தடவை தவறாமல் கீழே விழுகிறவளை நான் இப்போதுதான் பார்க்கிறேன் என்றேன். அன்றிலிருந்து என்னிடம் பொய் சொல்வதை விட்டுவிட்டாள்.

எனக்குக் கோபம் அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பாஸ்கல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், சாகும்வரை என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. பயம்தான் என்று ராயபுரம் முழுக்கப் பேசிக்கொள்வார்கள். பேசிக்கொள்ளட்டும்.

நர்மதாவின் வீடு காத்திவாக்கம் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில். அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. அம்மா கோவிந்தம்மா கூடை தூக்கி மீன் விற்றாள். எத்திராஜ் பதினாறு வயதில் படகில் ஏறினான். இப்போது காசிமேட்டில் ஒரு விசைப்படகுக்கு டிரைவர். கடலில் அவனைப்போல ஆள் கிடையாது என்கிறார்கள். கரையில் அவன் கை சும்மா இருக்காது. குழம்பில் உப்பு கூடினால் அடி, புத்தகத்தைத் திறந்தால் அடி, புத்தகத்தை மூடிவிட்டு அழுதால் அதற்கும் அடி. அடி வாங்கிக்கொண்டே அவள் பி.ஏ. முடித்தாள், தபாலில் எம்.ஏ. முடித்தாள், பி.எட். முடித்தாள். நடுவில் ஒரு கல்யாணம், எட்டு மாதம் ஓடியது. புருஷன் இவளை அடித்தான். எத்திராஜ் போய் அந்தப் புருஷனை அடித்து நொறுக்கினான். அப்புறம் வாழாமல் வந்து நிற்கிறாயே என்று இவளையும் அடித்தான். அடிப்பதில் அவன் யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணியதில்லை.

போன டிசம்பரில் மாலத்தீவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு எழுதிப்போட்டாள். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் வீடியோவில் இண்டர்வியூ கொடுத்தாள். நான் பின்னாலிருந்த அழுக்குத் துணியையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு சமையல்கட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை கிடைத்தது. மார்ச் பத்தாம் தேதி அங்கே இருக்க வேண்டும். தங்க இடமும் கொடுக்கிறார்கள். அந்த ஊரில் அவளுக்கு அண்ணன் கிடையாது என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம்.

விசாவுக்கு எல்லாக் காகிதமும் சேர்ந்தது. போலீஸ் கிளியரன்ஸ் மட்டும் பாக்கி. ஜனவரியில் எண்ணூர் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள், நானும் கூடப் போனேன். ரைட்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, உன் பேர்ல கேஸ் இருக்கே. கலவரம், ஆயுதத்தால தாக்கினது. ஏழாவது குற்றவாளி நீ."

நர்மதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அந்த வழக்கு என்ன என்று எனக்கும் தெரியும், எண்ணூர் முழுக்கத் தெரியும். நாலு வருடத்துக்கு முன்னால் முகத்துவாரத்தில் நர்மதாவின் குப்பத்துக்காரர்களும் அக்கரைக் குப்பத்துக்காரர்களும் வலைத் தகராறில் மோதிக்கொண்டார்கள். படகோடு படகு இடித்து, தண்ணீரிலேயே கம்பும் கத்தியுமாக விழுந்து புரண்டார்கள். அக்கரைக் குப்பத்து மணி என்பவன் இந்தப் பக்கத்துப் படகின் விளிம்பைப் பிடித்து ஏறப் பார்த்தான். கயிறு அறுக்கிற கத்தியால் யாரோ அவன் கையில் போட்டார்கள். மூன்று விரல் தண்ணீரில் விழுந்தது.

அந்த யாரோ எத்திராஜ்தான் என்று குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. போலீஸ் வந்து ஆள் கேட்டால் செய்தவனைக் கொடுக்க மாட்டார்கள். ஊர்ப் பஞ்சாயத்து கூடி வீட்டுக்கு ஒரு பேர் என்று எழுதி ஒரு பட்டியலைக் கொடுக்கும். கடலுக்குப் போகிற ஆம்பிளை உள்ளே போய்விட்டால் அடுப்பு எரியாது. அதனால் பட்டியலில் வயசானவர்களும் பெண்களும்தான் இருப்பார்கள். வக்கீல் ஜாமீன் எடுத்துவிடுவார். வழக்கு பாட்டுக்கு வருஷக்கணக்கில் கிடக்கும். அவர்களைப் பொறுத்தவரை அது கோயில் திருவிழாவுக்கு வீட்டு வரி கொடுக்கிற மாதிரி.

எத்திராஜ் வீட்டின் பங்குக்கு நர்மதாவின் பேர் போயிருக்கிறது. ஜாமீனுக்கு வக்கீல் காகிதத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு என்று சொல்லி அண்ணன் மடித்து நீட்டினானாம், இவள் போட்டாளாம். கேள்வியை இரண்டு தடவை படித்துவிட்டுப் பதில் எழுது என்று பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்துகிறவள். ஸ்டேஷன் வாசலிலேயே அவளைத் திட்டித் தீர்த்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரி. இன்னும் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றார். மோதல் நடந்த அன்று அவள் வகுப்பில் இருந்ததற்குப் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைக் கொண்டுவாருங்கள். விரல் போன மணியும் வந்து இந்தப் பெண் அங்கே இல்லை என்று எழுதிக்கொடுத்தால் பேரை எடுத்துவிடலாம். கடைசியில் ஒன்று சொன்னார்.

"அதுவரைக்கும் உன் பேர்ல புதுசா எதுவும் வரக்கூடாதும்மா. பக்கத்து வீட்டுல குழாயடிச் சண்டைன்னு ஒரு புகார் வந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அன்று சாயங்காலம் நர்மதா, வழக்கில் தன் பேர் எப்படி வந்தது என்று வீட்டில் கேட்டாள். எத்திராஜ் நங்கூரக் கயிற்றை எடுத்தான். மறுநாள் கழுத்திலும் முதுகிலும் கயிறு முறுக்கு அப்படியே பதிந்திருந்தது. அவள் பலமில்லாதவள் இல்லை. பனிக்கட்டிப் பெட்டியைத் தனியாளாகத் தூக்கி வளர்ந்தவள், திருப்பி ஒன்று விட்டால் அவன் பல் உதிரும். முன்பெல்லாம் விட்டிருக்கிறாள். இப்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"கை பட்டா கேஸு மிஸ். அத்த அவனும் கேட்டுகினான். அதான் ஒவ்வொரு அடிக்கும் நடுவுல நின்னு நின்னு பாக்கறான், நான் கைய எடுக்கறனான்னு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் போய் அவனை இரண்டு கேள்வி கேட்கிறேன் என்று கிளம்பினேன். அவள்தான் பிடித்து உட்காரவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் அக்கரைக் குப்பத்துக்குப் போனோம். மணி வாசலில் உட்கார்ந்து இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தான். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருக்கிற கையால் இறாலைப் பிடித்து, நல்ல கையால் தலையைக் கிள்ளினான். யார் என்று தெரிந்ததும் அவன் மனைவி உள்ளேயிருந்து அரிவாள்மனையோடு வந்து நின்றாள். மணி அவளைத் தலையசைத்து உள்ளே அனுப்பினான்.

"நீ அங்க இல்லன்னு எனக்குத் தெரியாதா டீச்சரே. என் கைய வெட்டனவன் மூஞ்சி எனக்கு மறக்குமா? தெனம் கனவுல வர்றான்."

"அத்த எழுதிக் குடுண்ணா. என் வாழ்க்கையே அதுலதான் கீது."

"தரேன். ஒண்ணே ஒண்ணு நீ செய்யணும். உங்க ஊர்க் கூட்டத்துல எந்திரிச்சி, யார் வெட்டனதுன்னு பேர் சொல்லு. போலீஸ்ல வாணாம், உங்க ஊர்ல. நாலு வருசமா உங்க ஆளுங்க என்னப் பாத்து, நீயே உன் கத்தில வுழுந்தன்னு சொல்றாங்க. அத்த ஒருத்தராவது இல்லன்னு சொல்லணும்."

வரும் வழியில் பேருந்தில்தான் அதைப் பேசினோம். நான் வேண்டாம் என்றேன். பேர் சொன்னால் உன்னை உயிரோடு விடமாட்டான், வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், என் வீட்டில் வந்து இரு என்றேன். "ஒங்க வூட்டுக்கு அவன் வர எவ்ளோ நேரம் ஆவும் மிஸ்?" என்று கேட்டாள். நாற்பது நிமிஷம்.

அடுத்த வாரம் அங்காளம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. படகு நிறுத்துகிற இடத்தைப் பற்றிய பேச்சு. பெண்கள் ஓரமாக நிற்கலாம், பேசும் வழக்கம் இல்லை. நான் கோயில் சுவருக்குப் பக்கத்தில் நின்றேன். நர்மதா வகுப்பில் பாடம் எடுக்கிற குரலில் ஆரம்பித்தாள். அந்தக் குரல் ஐம்பது பிள்ளைகளின் சத்தத்துக்கு மேல் கேட்கும்.

"மணியண்ணன் கைய வெட்டனது எங்கண்ணன் எத்திராஜு. நான் அன்னிக்கி ஸ்கூல்ல இருந்தேன். என் பேர எடுக்கணும்."

அவ்வளவுதான் சொன்னாள். எத்திராஜ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் தலைமுடியைப் பிடித்தான். கொடிக்கம்பத்தின் இரும்பில் அவள் முகத்தை இரண்டு தடவை மோதினான். கீழே விழுந்ததும் விலாவில் உதைத்தான். கையை ஊன்றி எழப் பார்த்தாள், மணிக்கட்டில் ஏறி மிதித்தான். எலும்பு முறிகிற சத்தம் என் காதில் விழுந்தது. அத்தனை ஆம்பிளைகளில் ஒருத்தன் அசையவில்லை. பஞ்சாயத்தார் நாலு பேரும் அங்கே என்னமோ கப்பல் போகிற மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அவளிடம் ஓட முயன்றேன், இரண்டு பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தியின் கையைக் கடித்தேன். அதற்கு இன்றும் வருத்தம் இல்லை.

அவனுக்கு மூச்சு வாங்கியபோதுதான் நின்றது. பஞ்சாயத்தில் மூத்தவர் தொண்டையைக் கனைத்தார். இவள் பேரை எடுத்தால் அந்த வீட்டுக்கு வேறு பேர் கொடுக்க வேண்டும், யார் பேர் என்றார். கூட்டத்தின் பின்னாலிருந்து கோவிந்தம்மா வந்தாள்.

"எம் பேர போட்டுக்கோங்க. எம் புள்ள பேரு வாணாம்."

நர்மதா தரையில் கிடந்தபடியே தலையைத் தூக்கினாள். வாயெல்லாம் ரத்தம்.

"அன்னிக்கே உன் பேர குடுத்திருக்கலாமேம்மா. என் பேர யார் குடுத்தது?"

"நான்தான் குடுத்தேன்" என்றாள் கோவிந்தம்மா. "நீ பட்சவ. பட்ச பொண்ணு பேரப் பாத்தா போலீஸு மருவாதியா வுட்ருவான்னு நெனச்சேன். எனக்கு இன்னா தெரியும்?"

கோவிந்தம்மாவின் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டது. மகள் படித்த படிப்பைக் கேடயம் என்று நம்பி அதை மகனுக்கு முன்னால் பிடித்திருக்கிறாள். மகள்மேல் பிரியமில்லாமல் செய்யவில்லை. ஆனால் கெடுத்தது கெடுத்ததுதான்.

நர்மதாவை ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தார்கள். யாரும் பேசக்கூடாது, தண்ணீர் கொடுக்கக்கூடாது. விமானம் ஏறப் போகிறவளுக்குக் கொடுத்த தண்டனையைப் பாருங்கள். ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து மாவுக்கட்டோடு என் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். எத்திராஜ் மேல் புகார் கொடு என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கொடுத்தால் அவனும் எதிர்ப்புகார் கொடுப்பான், அதுவும் புது வழக்குதான் என்று அவள் மறுத்துவிட்டாள். மணி பேச்சு மாறவில்லை. மறுநாளே ஸ்டேஷனுக்கு வந்து இடது கையால் கோணல்மாணலாக எழுதிக்கொடுத்தான். வெட்டியவன் யார் என்றும் இந்தத் தடவை எழுதினான். நர்மதாவின் பேர் போய், ஏழாவது பேர் எத்திராஜ் என்று மாறியது. எத்திராஜ் ஒரு வாரம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். கத்தி வழக்கு என்றதும் படகு முதலாளி சுக்கானை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். நர்மதாவுக்குக் கிளியரன்ஸ் வந்தது, விசா வந்தது, மார்ச் ஒன்பது திங்கட்கிழமைக்கு டிக்கெட்டும் போட்டாகிவிட்டது.

ஏழாம் தேதி, சனிக்கிழமை காலை. அவள் கை கட்டில் இருந்ததால் பெட்டி அடுக்குகிற வேலை என்னுடையது. பழைய பேப்பர் கடை ரஷீது பாயிடம் கொக்கித் தராசு வாங்கி வந்து, பெட்டியைத் தூக்கிப் பார்ப்பதும் சாமானை எடுப்பதுமாக இருந்தோம். முப்பது கிலோதான் கொண்டுபோகலாம். நாலு காட்டன் புடவை, ஆறு சுடிதார், இலக்கணப் புத்தகம் இரண்டு, மிளகாய்த்தூள், புளி, மூன்று லிட்டர் குக்கர் ஒன்று. சாமி படம் கொண்டுவரக்கூடாது என்று அந்த ஊர்க் காகிதத்தில் போட்டிருந்தது, அதனால் அம்மன் படம் வேண்டாம் என்று எடுத்து வைத்தாள். கருவாட்டுப் பொட்டலத்தை மட்டும் மூன்று தடவை உள்ளே வைத்தாள், நான் மூன்று தடவை வெளியே எடுத்தேன்.

"மீன் புடிக்கிற ஊருக்குப் போய்க் கருவாடு இன்னாத்துக்கு மே?" என்று அவளைப்போலவே பேசிக் காட்டினேன். விலா வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

கதவை உதைத்துக்கொண்டு எத்திராஜ் வந்தான். பின்னாலேயே கோவிந்தம்மா. தடுக்க ஓடி வந்தாளா, துணைக்கு வந்தாளா என்று அப்போது தெரியவில்லை.

"பாஸ்போர்ட் எங்க?"

நான் தரமாட்டேன் என்றேன். என்னைச் சுவரோடு தள்ளினான். பெட்டியை உதைத்துக் கவிழ்த்தான். மிளகாய்த்தூள் பொட்டலம் வெடித்துக் கூடமெல்லாம் நெடியேறியது. நர்மதாவின் மாவுக்கட்டுக் கையைப் பிடித்து முறுக்கினான். அவள் அலறினாள், மண்டிபோட்டாள். நல்ல கை முதுகுக்குப் பின்னால் போய் இடுப்புப் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவன் குனிந்து அந்தக் கையைப் பார்த்தான். சிரித்தான்.

"எட்றி கைய. அடி பாக்கலாம். அடிச்சிட்டு ஏரோப்ளேன் ஏறு."

ஒரு மனிதன் தன் தங்கையின் எலும்பை முறுக்கிக்கொண்டே, அவள் திருப்பி அடிப்பாளா என்று ஆசையோடு காத்திருக்கிறான். குக்கர் என் காலடியில் உருண்டு கிடந்தது. கைப்பிடியைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கி அவன் பின்மண்டையில் ஒன்று போட்டேன். திரும்பினான். நெற்றியில் இன்னொன்று போட்டேன். முதல் அடியே போதும். இரண்டாவது என் ஆசைக்கு.

ஏழு தையல். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போயிற்று. எத்திராஜ் யோசித்து ஒரு காரியம் செய்தான். அடித்தது நர்மதா என்று எழுதிக்கொடுத்துவிட்டான். மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் நாலு பேரையும் ரைட்டர் மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். இது எங்கள் ராயபுரம் ஸ்டேஷன், வேறு ரைட்டர் என்பதைத் தவிர ஒன்றும் மாறவில்லை. திங்கட்கிழமை விமானம், சனிக்கிழமை எஃப்.ஐ.ஆர். அதில் அவள் பேர் ஏறினால் வாங்கிய கிளியரன்ஸும் போச்சு.

நான்தான் அடித்தேன் என்று நாலு தடவை சொன்னேன். ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க தோழிக்காகச் சொல்றீங்கம்மா. ஐம்பத்திரண்டு வயசு, கணக்கு டீச்சர், நீங்க போய் குக்கரால அடிச்சீங்களா? ரெண்டு பேர் பேரையும் போட்டுடறேன், கோர்ட்ல பேசிக்கோங்க."

நர்மதாவின் முகம் செத்துப்போனது. அவ்வளவு அடிக்கும் கோணாத முகம். கடைசியில் அவர் கோவிந்தம்மாவைப் பார்த்தார்.

"நீ கூட இருந்தியாமே. யார் அடிச்சது?"

எத்திராஜ் கட்டுப்போட்ட தலையைத் திருப்பாமல், "சொல்லும்மா" என்றான்.

கோவிந்தம்மா புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். மகனைப் பார்த்தாள், மகளின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். பட்டியலுக்குப் பேர் கொடுக்க அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பேர் சொன்னால் முடிந்தது.

"இந்த டீச்சரம்மாதான் அடிச்சிது" என்று என்னைக் காட்டினாள். "ரெண்டு தபா அடிச்சிது. எம் பொண்ணு கைய பின்னால கட்டிகினு இருந்திச்சி. எம் புள்ளதான் அத்தோட கைய முறுக்கினான். நான் பாத்தேன்."

எத்திராஜ் திரும்பிய வேகத்தில் அவள் கன்னத்தில் விட்டான். ஸ்டேஷனுக்குள்ளேயே, போலீஸ்காரர்கள் முன்னாலேயே, பெற்றவளை. அவள் பெஞ்சில் இடித்துக்கொண்டு கீழே விழுந்தாள். இரண்டு கான்ஸ்டபிள்கள் அவன்மேல் பாய்ந்து கையைப் பின்னால் மடக்கித் தரையில் அழுத்தினார்கள். அவன் கத்திக்கொண்டே இருந்தான். இவ்வளவு வருடமும் அவன் அம்மாவை மட்டும் தொட்டதில்லை.

ரைட்டர் காகிதத்தை மாற்றிப் போட்டார். முதல் குற்றவாளி, கிறிஸ்டினா, கணவர் பெயர் பாஸ்கல், லேட். வேறு பேர் எதுவும் எழுதவில்லை. அந்தக் குப்பத்து வழக்குகளில், அடித்தவள் பேரே எஃப்.ஐ.ஆரிலேயே அடித்தவள் என்று ஏறியது இதுதான் முதல் தடவையாக இருக்கும். எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

நர்மதா கீழே உட்கார்ந்து அம்மாவின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். கோவிந்தம்மாவின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. அவள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"பிளேனு எத்தினி மணிக்கு?"

"திங்கக்கெழம பத்தரைக்கும்மா."

"போ. நான் செத்துட்டேன்னு சேதி வந்தாகூட வராத."

நர்மதா தலையாட்டினாள். ரைட்டர் என்னைக் கூப்பிட்டார், நான் கையெழுத்துப் போடப் போனேன்.